மரபுரிமையும் குடியுரிமையும்

இலக்கிய மரபொன்றுக்கு உரிமையாளர் யாவர் என்னும் வினா, அழகியல் வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். ஜேர்மானிய அறிஞரான ஏர்ண்ஸ்ற் றொபேட் கூர்ட்டியஸ் (1886–1956), 'ஐரோப்பிய இலக்கியமும் இலத்தீன் இடைக்காலமும்' என்னும் பெருநூலை 1948இல் வெளியிட்டார். ஹோமர் முதல் கோதே வரை ஐரோப்பிய இலக்கியம் ஒரே தொடர்ச்சியுடையது என்பதும், இடைக்கால இலத்தீனே அதனைக் காத்துக் கையளித்தது என்பதும் அவர் துணிபு. உரோமக் குடிமகனாக ஆகியவனே ஐரோப்பியன் என அவர் கருதினார். இங்கு 'ஆதல்' என்பதே கருத்தூன்றத்தக்கது. அக்குடியுரிமை குருதியால் வருவதன்று, கல்வியால் எய்தப்படுவது. நாசிகள் இனத்தூய்மை பேசிய நாட்டிலிருந்துகொண்டு இவ்வாறு எண்ணியமை சிறிய செயலன்று.

அதே 1948இல் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டப்பட்டது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் லயன் அறைகளில் அத்தகைய பத்திரங்களை வைத்திருந்தோர் எத்துணைப் பேர்? தலைமுறைகளாகத் தேயிலை வளர்த்தோருட் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து தெரிவான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அப்பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே.

கூர்ட்டியஸின் நோக்கு சட்டத்தினும் தாராளமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் திறந்த வாயிலும் பள்ளிக்கூடத்தின் வாயிலே. வழிவழி வரும் பொதுப்பொருள்கள் அணியிலக்கணக் கல்வியாலும் ஏட்டாலும் கடத்தப்பட்டன என்றே அவர் காட்டுகிறார். ஏடறியாதவர் அம்மரபிற்கு அயலவரா?

மலையகத்துக் காமன் கூத்து இதற்கு விடை தருகிறது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிய, இரதி புலம்புகிறாள். காளிதாசன் 'குமாரசம்பவ'த்திற் பாடிய பொருள் அதுவே. தோட்டத்துக் கலைஞன் அதனைக் காளிதாசனிடம் கற்றானல்லன்; மூத்தோர் வாயிலிருந்து கற்றான். பகலெல்லாம் மலையில் உழைத்தவன், மாசியில் இரவு கண்விழித்து அதனை ஆடினான். கூர்ட்டியஸ் வியந்து போற்றிய தொடர்ச்சி இங்கும் உண்டு. அதனை மெய்ப்பிக்கும் ஏடுதான் இல்லை. பிறப்புப் பத்திரமில்லாதவன் இந்நாட்டவனல்லன் என்பதும், நூலில்லாதவன் மரபில்லாதவன் என்பதும் ஒரே அளவுகோலின் இரு முனைகளே. முன்னையதை அநீதி எனக் கண்டிக்கும் கற்றோர் பலர், 'நாட்டார் வழக்கு' என ஒதுக்கிவைத்துப் பின்னையதைத் தாமே செய்துவருகின்றனர்.