கொல்லைக் குளமும் உயிரின் மூவகை நிலையும்



சித்தாந்த நூல்களைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் தீக்கை வகைகளை விளக்குமிடத்து மூன்று உவமைகளைத் தவறாது எடுத்துரைப்பர். மீன் தன் முட்டையைப் பார்த்தே குஞ்சாக்கும். இது நயன தீக்கைக்கு உவமை. ஆமை கரையில் முட்டையிட்டு, நீரினுள் இருந்து நினைந்தே குஞ்சாக்கும். இது மானத தீக்கைக்கு உவமை. பறவை சிறகால் அணைத்துக் குஞ்சாக்கும். இது பரிச தீக்கைக்கு உவமை. யாமும் பல்லாண்டு இவ்வாறே கூறி வந்தோம்.

ஒருநாள் பாடம் நிகழுங்கால் இளைய மாணாக்கர் ஒருவர் எழுந்து, "சுவாமி, மீன் பார்வையாற் குஞ்சு பொரித்தலைத் தாங்கள் கண்டதுண்டோ?" என வினவினார். "முன்னோர் உரையை ஐயுறுதல் மாணாக்கர்க்கு அழகன்று" எனக் கூறி அவரை வாயடைத்தோம். அவர் வணங்கி அமர்ந்தார். அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. அவர் ஐயுற்றது நூலை அன்று. எமது காட்சியையே வினவினார். எம் இல்லத்துக் கொல்லையிலேயே ஒரு குளம் உண்டு. நீருள்ள காலமெல்லாம் அதன் படியில் நீராடித் திருநீறு அணிந்து செபம் முடித்து எழுகின்றோம். ஆயினும் அதனுள் வாழ்வனவற்றை ஒருநாளேனும் உற்று நோக்கியதில்லை. ஆதலின் பெரும்பொழுது ஆறும் ஒரு சுற்றுச் சுழன்று வரும்வரை அதனை நோக்குவதெனத் துணிந்தோம். அங்ஙனங் கண்டவற்றையும், அவற்றால் எமக்கு விளைந்த தெளிவையும் ஈண்டுக் கூறுதும்.

தொடங்கியது முதுவேனிலாகிய ஆனித் திங்கள். எமது குளம் வாய்க்காற் பாய்ச்சல் இல்லாதது. மழை ஒன்றையே நம்பியது. நடுக்குழியில் மட்டும் ஈரச் சேறு நிற்க, ஏனைய இடமெல்லாம் வெடித்துக் கிடந்தது. மீன்கொத்தி வேற்றிடம் போயிற்று. மடையான் இரண்டு சிலநாள் நின்று எஞ்சிய சிறுமீன்களைப் பொறுக்கியுண்டு அகன்றன. உயிர் என்பதோர் அடையாளமும் அங்கில்லை என்றே எண்ணினோம். ஆடியில் தூர் எடுக்க வந்த ஆள் மண்ணை வெட்டுங்கால் ஒரு பெருந்தவளை கட்டியோடு பெயர்ந்து வந்தது. கண் மூடி, கால் மடக்கி, மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது. இறந்தது என்றெண்ணித் தொட்டோம். தொண்டை மெல்ல அசைந்தது. மீள அதனை ஈர மண்ணிலே புதைப்பித்தோம்.

கேவல நிலை என நூல்கள் கூறுவதற்கு இதனினுஞ் சிறந்த விளக்கம் யாம் கண்டிலோம். ஆங்கு உயிர் ஆணவ மலம் ஒன்றனோடே கூடி, அறிவு இச்சை செயல்கள் விளங்கப்பெறாது கிடக்கின்றது. விளங்காமை வேறு, இல்லாமை வேறு. மண்ணுட் கிடந்த தவளை இல்பொருள் அன்று. கருவி பெறாத உள்பொருளே.

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்தது. முதற் பெருமழை பெய்த இரவே மண் பிளந்து தவளைகள் வெளிப்பட்டன. ஆண் தவளைகளின் மேனி மஞ்சள் நிறமாயிற்று. கத்துந்தோறும் தொண்டையின் இருபுறமும் நீலப்பை புடைத்தது. சிலநாளில் முட்டைத் திரள், பின்னர் வாற்குஞ்சுகள். தட்டான்கள் கூட்டமாய் வந்தன; மீன்கொத்தியும் மீண்டது. உண்பதும் உண்ணப்படுவதுமாய் ஓயாத ஆரவாரம். இது சகல நிலை. மாயை தரும் தனு கரண புவன போகங்களைப் பெற்று உயிர் வினை செய்தும் பயன் நுகர்ந்தும் உழலுமாறு இதன்கண் விளங்கும்.

ஈண்டு ஒன்று உன்னத் தக்கது. உறங்கியவற்றை எழுப்பிய மழையே குளத்து நீரைக் கலக்கியும் விட்டது. கலங்கல் நீரில் ஒரு சாண் ஆழமும் தோன்றவில்லை. இறைவனது திரோதான சத்தியும் அத்தகையதே. மறைத்தல் எனப் பெயர் பெறினும், மலம் பக்குவமுறுமாறு உயிரைப் போகத்திற் செலுத்துதலின் அதுவும் அருளே என ஆசிரியர் கூறியது இதுபற்றி என்க.

இனி மாணாக்கர் வினாவிற்கு வருவாம். விரால் ஒரு சோடி பாசியை விலக்கிச் சிறிது இடஞ் செய்து முட்டையிட்டது. முட்டைகள் நீர்மேல் மிதந்தன. இரண்டொரு நாளில் தாமே பொரித்தன. பார்வையினாற் பொரிந்தமைக்கு யாதொரு சான்றும் எமக்குக் கிட்டவில்லை. ஆனால் தாயும் தந்தையும் அவ்விடம் விட்டு அகலாது நின்றன. செந்நிறக் குஞ்சுகள் திரளாகச் செல்லுமிடமெல்லாம் அடியில் உடன் சென்றன. நீர்ப்பாம்பு அணுகியபோது விரால் பாய்ந்து துரத்தியதை நேரே கண்டோம். பார்வை முட்டையைக் குஞ்சாக்கவில்லை. பார்வை அகன்றிருப்பின் குஞ்சு ஒன்றேனும் எஞ்சியிராது.

பாலாமை கரையில் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் சென்றது, திரும்பி வரவில்லை. நெடுநாள் கழித்து அவற்றைப் பொரிப்பது மண்ணின் வெம்மையே. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் உருவாக்கும் எனப்படும் குளவியின் மண்கூட்டையும் பிரித்துப் பார்த்தோம். குளவிக் குஞ்சு அப்புழுவைத் தின்றே வளர்ந்துகொண்டிருந்தது.

இவற்றாற் சித்தாந்தம் பழுதுறுமோ எனின், உறாது. சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையே அளவையாகக் கொண்டு ஏனையவற்றை அவற்றுள் அடக்கிற்று. உவமை விளக்குவதேயன்றி நிறுவுவதன்று. தீக்கைக்குப் பிரமாணம் ஆகமம். குருவின் திருநோக்கிற்கு மீன் சாட்சி வேண்டுவதில்லை. ஆயினும், காட்சியொடு மாறுபடுவதை மாறுபடுமென அறிந்தபின்னும் மெய்யென ஓதுதல், முதலளவையை இகழ்தலாகும். 'இது வழக்குரை; காணப்படுவது இது' என இரண்டையும் பகுத்துக் கூறுதலே ஆசிரியர்க்குக் கடன்.

மார்கழியில் வைகறைதோறும் படியில் அமர்ந்தோம். தட்டானின் நீர்ப்புழு கோரையில் ஏறித் தோலுரித்துச் சிறகு விரித்தலைக் கண்டோம். நீராடுதற்பொருட்டுப் பாசியைக் கையால் விலக்குவோம். செபம் முடியுமுன் அது மீண்டும் மூடிவிடும். 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், பாசி படர்ந்த குட்டத்திற் கல்லெறிதலை உவமையாக்கி, திருவடியை உணரும்போது அகலும் மலம் பின்னர் அணுகுமாற்றைச் சித்தியாரில் உணர்த்தினார். இவ்வுவமை எந்தக் குளக்கரையிலும் இன்றும் கண்ணாற் காணத் தக்கது. நாடோறும் கையால் விலக்கிய பாசியின் பொருளை அன்றுதான் உணர்ந்தோம். அம்மாணாக்கரை வாயடைத்தபோது எம் நெஞ்சை மூடியது நூற்பற்று அன்று. நூற்பற்றின் பெயரால் வந்த ஆணவமே.

தைத் திங்களில் வண்டல் படிந்து நீர் தெளிந்தது. கதிரொளி அடிமண் வரை சென்றது. இது சுத்த நிலையை நினைப்பிப்பது. ஆயினும் ஒருபுடை உவமையென்றே கொள்க. குளத்து நீர் அசையாது நின்று தானே தெளிந்தது. உயிர் தானே தெளியமாட்டாது, அருளாலேயே தெளியும். குளம் அடுத்த ஆனியில் மீளவும் வற்றும். வீடுபெற்ற உயிர் மீளப் பிறவாது. இவ்வெல்லையை மறந்தால் எமது குளமும் மீனுவமை போன்றே எம்மை மயக்கும்.

ஓராண்டு நிரம்பியபின் பாடத்திடையே அம்மாணாக்கரை எழுப்பி, "தம்பி, அன்று நீர் வினவியது முறையே, யாம் கண்டிலோம். இப்பொழுது கண்டோம்" என்று அனைவருங் கேட்பக் கூறினோம். அவர் நெடும்பொழுது தலை கவிழ்ந்து நின்று, "நாளை வைகறையில் அடியேனும் குளக்கரைக்கு வரலாமோ?" என்றார். வருக என்றோம்.

அன்பர்காள், நூலை ஓதுமின். ஓதியதை இறைவன் படைப்பிலும் உற்று நோக்குமின். நோக்கியதைத் திருவடிக்கு அன்பாக்குமின். நெஞ்சிற் பாசி மீளாதிருத்தற்கு அவ்வன்பின் இடையறாமையே வழியாகும்.

திருச்சிற்றம்பலம்.