நீற்றறையும் தண்ணீர்ப் பந்தலும்

கோடைக்காலம் பிறந்ததும் மனிதர்களின் முதற்பேச்சு வெயிலைப் பற்றியதாகவே இருக்கிறது. "என்ன வெயில்! என்ன புழுக்கம்!" என்று ஒருவர் தொடங்க, அறிமுகமே இல்லாத மற்றொருவர் அதனை ஆமோதிக்கிறார். இரவில் உறக்கம் வருவதில்லை. மின்விசிறி அனற்காற்றையே சுழற்றித் தருகிறது. மின்சாரம் நின்றால் கொசுக்கள் வந்துவிடுகின்றன. குழாயில் தண்ணீர் வருவதில்லை, வந்தால் சுடுகிறது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. முதுகில் வேர்க்குரு அரிக்கிறது. இவற்றுள் எதுவும் பெருந்துன்பம் அன்று. எனினும், ஒரு நாளில் நாம் இழந்த மன அமைதிக்குக் கணக்கு எழுதிப் பார்த்தால், அதன் பெரும்பகுதி இத்தகைய சிறு தொல்லைகளிடமே பறிபோயிருப்பது தெரியவரும்.

இதனை அற்ப விஷயம் என்று பகவான் ஒதுக்கிவிடவில்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், ஆத்மா அழிவற்றது என்னும் உயர்ந்த உபதேசத்தைத் தொடங்கிய உடனேயே, பதினான்காம் சுலோகத்தில் அவர் குளிரையும் வெப்பத்தையும் பற்றிப் பேசுகிறார். புலன்கள் விஷயங்களைத் தொடுவதால் எழும் இவ்வுணர்ச்சிகள் வருவதும் போவதுமாக இருப்பவை, நிலையற்றவை, ஆதலால் பொறுத்துக்கொள் என்பது அதன் கருத்து. இப்பொறுமைக்குத் திதிக்ஷை என்று பெயர். சமம், தமம் முதலிய ஆறு சம்பத்துக்களுள் ஒன்றாக வேதாந்தம் இதனைப் போற்றுகிறது.

திதிக்ஷையைப் பற்றிப் பலமுறை படித்திருக்கிறேன், மொழிபெயர்த்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். ஆயினும் ஒரு தொழிலாளி அன்பர் கேட்ட கேள்விக்குப் பின்னரே அதன் முழுப் பொருளைச் சிந்திக்கலானேன்.

பீன்யாவில் ஒரு மாலை

கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு, மின்விசிறியே தேவைப்படாத வீடுகளுக்குப் பெயர்பெற்றிருந்த நகரம். அந்நகரில் 2024ஆம் ஆண்டுக் கோடை கடுமையாக வந்தது. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று மார்ச் மாதத்தில் குடிநீர் வாரியம் அறிவித்தது. ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமையன்று வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸை எட்டியது. 2016 ஏப்ரலில் பதிவான 39.2 டிகிரிக்குச் சற்றே குறைவு அது.

அன்று மாலை பீன்யாவில் ஒரு சத்சங்கம். நகரின் வடமேற்கே தும்கூர் சாலையை ஒட்டிப் பரந்திருக்கும் தொழிற்பேட்டை அது. கடைசல் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் முலாம் பூசும் கூடங்களும் தெருவுக்குத் தெரு நிறைந்த இடம். அன்பர் ஒருவரின் இல்லத்து மாடியில், தகரக் கூரையின் கீழ், சுமார் நாற்பது பேர் கூடியிருந்தனர். பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர். நான் எடுத்துக்கொண்ட பொருள், மேலே கூறிய பதினான்காம் சுலோகம்.

பேச்சின் நடுவில் மின்சாரம் நின்றது. எனக்கென்று அருகில் வைத்திருந்த விசிறியும் நின்றது. திதிக்ஷையின் இலக்கணத்தை விளக்கிக்கொண்டிருந்த நான், நிமிடத்துக்கொருமுறை மேல்துண்டால் முகத்தைத் துடைத்தேன். அழுத குழந்தை ஒன்றை முகம் சுளித்து நோக்கினேன். ஒரு மணி நேரம் பேச வேண்டியதை நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். இதனை மறைத்துப் பயனில்லை.

பின்னர், ஐம்பது வயது மதிக்கத்தக்க அன்பர் ஒருவர் எழுந்து கைகூப்பினார். இரும்பு உதிரிபாகங்களை உலையிலிட்டுக் கடினப்படுத்தும் பட்டறையொன்றில் பணிபுரிபவர்.

"சுவாமிஜி, நாங்கள் நாள் முழுவதும் உலைக்கு முன்னால் நிற்கிறோம். கூரையும் தகரம். காற்றுக்கு ஒரு விசிறி வேண்டும் என்று கேட்டால், 'கோடை என்றால் அப்படித்தான் இருக்கும், தாங்கிக்கொள்' என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். தாங்களும் இன்று 'தாங்கிக்கொள்' என்றுதான் சொன்னீர்கள். இரண்டும் ஒன்றுதானா?"

அவர் குரலில் குத்தல் சிறிதும் இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. அன்று நான் ஏதோ விடை கூறினேன். அது எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டே ஆசிரமம் திரும்பினேன்.

வெயில் போயிற்று, முறையீடு போகவில்லை

முதலில் திதிக்ஷை எதற்கு மருந்து என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெப்பம் தோலில் படுகிறது. வெறுப்பு மனத்தில் எழுகிறது. இவ்விரண்டும் ஒன்றாகவே நிகழ்வதால், ஒன்றே என மயங்குகிறோம். வெப்பமானி 34 டிகிரி காட்டும் ஒரு நாளைப் பெங்களூருக்காரர் கொடுமை என்பார். வேலூரிலிருந்து வந்த அவரது உறவினரோ, "இன்று பரவாயில்லையே!" என்பார். வெப்பம் ஒன்று, அனுபவம் இரண்டு.

அதே 2024இல் ஏப்ரல் மாதம் முழுவதும் பெங்களூரு மக்கள் மழைக்காக ஏங்கினர். மழையும் வந்தது. ஜூன் 2ஆம் நாள் ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் பெய்தது. ஜூன் மாதத்து ஒருநாள் மழையில், 1891ஆம் ஆண்டின் பதிவையும் அது விஞ்சியது. மரங்கள் சாய்ந்தன; சாலைகளில் வெள்ளம் தேங்கியது. ஏப்ரலில் வெயிலை வைத நாவே ஜூனில் மழையையும் வைதது. வெயில் போயிற்று, முறையீடு மட்டும் போகவில்லை. நம் துவேஷம் உள்ளேயே குடியிருக்கிறது. வெளியே அவ்வப்போது தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. இக்குடியிருப்பைக் காலி செய்விப்பதே திதிக்ஷையின் பணி.

அப்படியானால் நிழலில் ஒதுங்குவதும் விசிறி போட்டுக்கொள்வதும் குற்றமா? விவேகசூடாமணி, துன்பங்களை மாற்று தேடாமலும், கவலைப்படாமலும், புலம்பாமலும் தாங்குவதே திதிக்ஷை என்று வரையறுக்கிறது. அனைத்தையும் துறந்த சாதகனுக்கு அது முழுமையாகப் பொருந்தும். உலகில் கடமையாற்றுவோர்க்கோ, கீதை ஆறாம் அத்தியாயத்தில் அளவோடு வாழும் நெறியைக் காட்டுகிறது. பதினேழாம் அத்தியாயத்தில், உடலை வதைக்கும் தவத்தைக் கண்டிக்கிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அறிவு தடுமாறும், நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து நேரும். அந்நிலையில் உடலைக் குளிர்விப்பதே தர்மம். எனவே தண்ணீர் அருந்துங்கள், நிழலை நாடுங்கள். கவலையையும் புலம்பலையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

சொன்னவர் எங்கே அமர்ந்திருந்தார்?

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். 'பொறுத்துக்கொள்' என்று அர்ஜுனனுக்குச் சொன்னவர் அப்போது எங்கே இருந்தார்? அதே தேரில், அதே வெயிலில், அர்ஜுனனுக்கும் முன்னால் சாரதியின் இருக்கையில் அமர்ந்திருந்தார். எதிரியின் அம்பு முதலில் எட்டக்கூடிய இடம் அது. குளிர்ந்த அறையிலிருந்து வந்த கட்டளையன்று கீதை.

மகாபாரதத்தின் துரோண பருவத்தில் ஒரு காட்சி உண்டு. போரின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்துவதாகச் சபதம். ஒவ்வொரு கணமும் விலைமதிப்பற்றது. ஆனால் தேர்க்குதிரைகள் காயமுற்றுத் தாகத்தால் தளர்ந்துவிட்டன. அர்ஜுனன் இறங்கித் தரையில் நின்று பகைவரைத் தடுக்கிறான். தன் அம்பால் நிலத்தைப் பிளந்து ஒரு நீர்நிலையை உண்டாக்குகிறான். பகவான் குதிரைகளை அவிழ்த்து, அவற்றின் உடலில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டு, நீர் காட்டுகிறார். வெப்பத்தைப் பொறுத்துக்கொள் என்று உபதேசித்த அதே பகவான், தாகித்த குதிரைகளுக்கு அவ்வுபதேசத்தைச் செய்யவில்லை. தண்ணீர் கொடுத்தார்.

கீதையும் இதற்கு இசைவாகவே அமைந்துள்ளது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் குளிரிலும் வெப்பத்திலும் சமமாயிருப்பவன் தமக்குப் பிரியமான பக்தன் என்கிறார். ஆனால் அந்தப் பட்டியல் எங்கே தொடங்குகிறது? எவ்வுயிரையும் வெறாமையில், நட்பில், கருணையில். ஆறாம் அத்தியாயமோ, பிறரது சுகதுக்கங்களைத் தன்னுடையவை போலவே காண்பவனை மேலான யோகி என்கிறது. தன் வெயிலில் சமத்துவம், பிறர் வெயிலில் கருணை. இரண்டும் சேர்ந்ததே பக்தனின் இலக்கணம்.

உலை கற்பித்த பாடம்

சில வாரங்களுக்குப் பின் அந்த அன்பரின் அழைப்பை ஏற்று அவரது பட்டறையைக் காணச் சென்றேன். எஃகுத் துண்டுகளை எண்ணூறு டிகிரிக்கும் மேல் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். அவை மிகவும் கடினமாகிவிடுகின்றன. "இத்துடன் முடிந்ததா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இப்படியே விட்டால், கீழே விழுந்தாலும் கண்ணாடிபோல் உடைந்துவிடும், சுவாமிஜி. மறுபடியும் இளஞ்சூட்டில் வைத்து டெம்பரிங் செய்தால்தான் உழைக்கும்" என்றார்.

திதிக்ஷைக்கும் இது பொருந்தும். துன்பத்தைத் தாங்கித் தாங்கி இறுகிப்போன மனம் சாதனையில் பாதி வழியே வந்திருக்கிறது. 'நான் தாங்கினேனே, நீ ஏன் தாங்கக்கூடாது?' என்று அது பிறரைக் கேட்கத் தொடங்கினால், எங்கோ விரிசல் விடப்போகிறது என்று பொருள். கருணை என்னும் இளஞ்சூடு அதனை மீண்டும் பதப்படுத்த வேண்டும்.

வெளியே வரும்போது வாசலில் ஒரு மண்பானையைக் கண்டேன். சரக்கு ஏற்றி இறக்க வரும் லாரிக்காரர்களுக்காகத் தொழிலாளர்கள் தங்கள் கைக்காசில் வாங்கி வைத்தது. அவர்களுக்கு இன்னும் விசிறி வரவில்லை, பானை வந்துவிட்டது. அப்பானையின் முன் நின்றபோது திங்களூர் என் நினைவுக்கு வந்தது.

அரசரின் பெயரால்

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஆணைப்படி, எரியும் சுண்ணாம்புக் காளவாயான நீற்றறையில் ஏழு நாட்கள் அடைத்துவைத்தனர் என்று பெரியபுராணம் கூறுகிறது. கதவைத் திறந்தபோது, அவர் ஊனமின்றிச் சிவானந்தத்தில் திளைத்திருந்தார். வெப்பத்தைத் தாங்கியோரின் வரலாற்றில் இதனினும் பெரிய சான்று நமக்கு இல்லை.

அவ்வடியாரை நேரில் கண்டிராமலே அவர்மீது பேரன்பு பூண்டவர் திங்களூர் அப்பூதியடிகள். அவர் அரசரின் பெயரால் என்ன செய்தார்? 'நீற்றறையைப் பொறுத்தார் எங்கள் அரசர். இந்த வெயிலை நீங்கள் பொறுக்கலாகாதா?' என்று வழிப்போக்கரிடம் கேட்டாரா? இல்லை. வழியோரம் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, அதற்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். நீற்றறையைத் தாங்கியவரின் பெயர் தாகம் தீர்க்கும் பந்தலுக்குப் பெயராயிற்று. திதிக்ஷையின் உரையை இதனினும் நன்றாக எவரும் எழுதிவிட முடியாது.

நம் முன்னோர் இதை மறக்கவில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் திருவண்ணாமலையில் அருணாசலேசுவரருக்குத் தாராபிஷேகம் நடைபெறுகிறது; அக்கினியே வடிவானவருக்கும் அன்பர் குளிர்ச்சி செய்கின்றனர். ராமநவமியன்று பெங்களூரின் தெருமுனைகளில் பானகமும் நீர்மோரும் வருவோர்க்கெல்லாம் வழங்கப்படுகின்றன.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே, இக்கோடையில் மூன்று சாதனைகளை மேற்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள், வானிலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதிருங்கள். எளிதென்று தோன்றும், முயன்றால் அருமை விளங்கும்.

இரண்டாவதாக, வெயிலின்மேல் சலிப்பு எழும் கணத்திலேயே, 'இதே வெயிலில் இப்போது நிற்பவர் யார்?' என்று கேளுங்கள். குப்பை அள்ளுபவர், காவலாளி, சாலை போடுபவர், மொட்டைமாடிக்கு வரும் பறவை ஆகியோர் நினைவுக்கு வருவர். குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தெருவில் தள்ளுகிறது. அத்தெருவில் நடப்பவர்க்கு ஒரு குவளை நீராவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மூன்றாவதாக, உங்களுக்குக் கீழே ஒருவரேனும் வேலை செய்தால், அவருக்குத் திதிக்ஷையைப் போதிக்காதீர்கள். விசிறியும் நீரும் ஓய்வும் கொடுங்கள். திதிக்ஷையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பீன்யா அன்பருக்கு நான் தர வேண்டியிருந்த விடை இதுதான்: இரண்டும் ஒன்றல்ல, ஐயா. 'தாங்கிக்கொள்' என்பதைத் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது தவம். கொடுக்க வல்லவர், கொடாமலிருப்பதற்காகப் பிறருக்குச் சொன்னால் அது கருமித்தனம். விசிறியைக் கேளுங்கள்; மீண்டும் கேளுங்கள். கேட்கும்போதும் அது கிடைக்கும் வரையிலும் உள்ளம் மட்டும் கொதியாதிருக்கட்டும். அடுத்த சத்சங்கத்தில் என் அருகில் வைக்கும் விசிறியைக் குழந்தைகள் பக்கம் திருப்பி வைக்கும்படி நானே சொல்லிவிடுகிறேன்.

தன் வெயிலைத் தாங்கும் உறுதியையும், பிறர் வெயிலைத் தாங்க மாட்டாத நெஞ்சையும் எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.

ஹரி ஓம்!