கத்தியும் தவக்குலும்

திருப்புட்குழியில் பட்டுத் தறி நெய்து பிழைக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கொண்டுவந்தார். அவருடைய தகப்பனாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அது கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து பார்க்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். "கத்தி வைப்பானேன்? ஹயாத்து இருந்தால் பிழைப்பார், தவக்குல் வையுங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். நோயாளிக்கோ நோயின் பெயரே சொல்லப்படவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில் நோயை அறிவோம். குடலின் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்வதால் குடல் புற்று பெரும்பாலும் அங்கேதான் முதலில் குடியேறுகிறது. முன்னாளில் இதைக் கேட்டதும் வைத்தியர் கையை விரித்துவிடுவார். இன்று நிலை வேறு. நலமுள்ள கல்லீரலில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியெடுத்தாலும் மீதி வளர்ந்து ஈடுகட்டிவிடும். வல்ல நாயன் அந்த உறுப்புக்கு வைத்த தன்மை அது. ஆயினும் ஐந்தில் ஒருவர் அளவுக்கே இந்த அறுவை பொருந்தும். செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் ஐந்தாண்டு கடக்கிறார்கள்; பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தீங்கை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் போல உறுதியானவை ஒரு வகை. உயிர் போகும் நிலையில் இவற்றை விடுவது தவக்குல் அல்ல, ஹராம். மருந்து போல, பயன் தரும் என்று எண்ணத்தக்கவை இரண்டாம் வகை. இவற்றைக் கையாள்வது தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் குற்றமன்று. வெறும் ஐயத்துக்குரியவை மூன்றாம் வகை.

இந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். குடல் அடைத்துக்கொண்டு உயிர் ஊசலாடினால் அந்த அடைப்பை நீக்குவது முதல் வகையை ஒட்டியது. கல்லீரல் அறுவை இரண்டாம் வகை. நிச்சயம் குணமாகும் என்று காசு பறிக்கும் பொடியும் தகடும் மூன்றாம் வகை. ஆக, கத்தியை நாடுவதால் ஈமான் குறையாது. பாவில் இழை அறுந்தால் நெசவாளி தறியை விட்டு எழுந்து போவதில்லை, எடுத்து முடிகிறார். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரிலேயே காரைப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனை கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆனால் இரண்டாம் வகையில் முடிவு செய்வது யார்? வலிப்பு நோயுற்ற பெண்ணொருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பொறுமையுடன் இருந்து சுவனம் பெறுவதா, குணமாக துஆச் செய்வதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்பெண்ணிடமே கேட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். உறவினரை அழைத்து அவர்கள் கேட்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

"சொன்னால் மனம் உடைந்துவிடுமே" என்பார்கள். மெல்லச் சொல்லலாம், அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லலாம். அறவே மறைத்தால் அவர் கடனைத் தீர்ப்பது எப்போது? வஸிய்யத் செய்வது எப்போது? மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்போது? தவக்குல் வைக்க வேண்டியவர் அவர். எதன்மீது என்று தெரியாதவர் எப்படி வைப்பார்?

தம்பிக்கு நம் பதில் இதுதான்: தகப்பனாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் அறுவைக்கு இசைந்தால் தாமதிக்காதீர்கள். மறுத்தால் அதைக் கோழைத்தனம் என்று பழிக்காமல் வலி தணிக்கும் மருந்தோடு உடனிருங்கள். எதுவாயினும் ஷிஃபா அளிப்பவன் அவனே. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் அருள்புரிவானாக! ஆமீன்.