கொலுவில் இரண்டு ரயில்கள்

சென்ற நவராத்திரியில் அரியலூரில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கொலுப் பார்க்கப் போயிருந்தேன். சுண்டல் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு வழக்கு என் தலையில் வந்து விழுந்தது.

நண்பர் ரயில்வேயில் பாலங்களைப் பார்வையிடும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயது. கொலுப் படிகளுக்குக் கீழே, தரையில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க வைத்து, அழகான பூங்கா ஒன்று அமைத்திருந்தார். அதன் நடுவே அவரே செய்த ரயில் நின்றது. ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். பின்னால் நான்கு பெட்டிகள். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறுக்கியிருந்தார். அந்தக் கணக்கில் ஒரு மீட்டர் அகலப் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைப்பதோ பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம். அரை மில்லிமீட்டர் பொய்யை மனம் ஒப்பாமல், தண்டவாளத்தையும் தாமே செய்துகொண்டாராம்! வண்டிக்கு முன்னால் ஓர் இரும்புப் பாலம். அதன் கர்டர்களில் ரிவெட்டுகளைக் கூட எண்ணிப் பதித்திருந்தார்.

சுவரோரமாக இன்னொரு ரயில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. ஆறு தீப்பெட்டிகளை நூலில் கோத்த ரயில். முன்னால் எஞ்சினாக ஒரு பவுடர் டப்பா. தீப்பெட்டிகளுக்குள் பிரயாணிகளாகப் புளியங்கொட்டைகள். பெரம்பலூரிலிருந்து வந்திருந்த ஏழு வயதுப் பேரன் செய்தது. பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. அங்குள்ளவர்கள் ரயிலேற வேண்டுமானால் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் அரியலூருக்கு வர வேண்டும். ஆகவே பையனுக்கு ரயில் என்பது தாத்தா ஊரின் அதிசயம்.

“நீங்களே சொல்லுங்கள். இதை அதன் பக்கத்தில் வைத்தால் நன்றாகவா இருக்கும்? அளவே இல்லையே” என்றார் நண்பர்.

“என் ரயில்லதான் ஆளுங்க இருக்காங்க. தாத்தா ரயில்ல யாருமே இல்ல” என்றான் பேரன்.

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்து ஒதுக்கக் கூடிய வழக்கல்ல அது. உலகம் முழுவதும் பொம்மை ரயில் பிரியர்கள் இதே வழக்கை நெடுங்காலமாக நடத்தி வருகிறார்கள். இங்கிலாந்தில் 1920 முதல் ஹார்ன்பி கம்பெனியார் விற்ற தகர ரயில்கள் குழந்தைகளைக் குதிக்க வைத்தன. பிறகு, உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பிற்று. அதிலும் ஒரு வேடிக்கை. எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்த வண்டியை, எண்பத்தேழில் ஒரு பங்குக்கு உரிய பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுவது ஆங்கிலேயரின் வழக்கமாகிவிட்டது. நியாயப்படி அந்தப் பாதை பத்தொன்பது மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். விட்டுப்போன அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக வாழ்நாளைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். ஒரு பொருளை உற்று நோக்கி, அதற்குச் சிறிதும் துரோகம் செய்யாமல் திரும்பச் செய்வது ஒருவகை பக்தி. நண்பர் சொன்னார்: “ஒரு ரிவெட்தானே என்று நினைக்கிறவன் பார்வையிட்ட பாலத்தின் மேல் நான் ரயிலில் போக மாட்டேன்.” அதற்கு என்ன பதில் சொல்வது?

ஆயினும் ஒன்று தோன்றியது. நீளத்தையும் அகலத்தையும் குறுக்கலாம். கனத்தைக் குறுக்குவது எப்படி? நீளம் எண்பத்தேழில் ஒரு பங்கானால், அதே உலோகத்தில் செய்தாலும் எடை ஆறரை லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அந்த ரயில் மேஜையிலிருந்து விழுந்தால் எடுத்து மறுபடி வைக்கலாம். உண்மையான ரயில் விழுந்தால்?

இதை நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே பையன் கேட்டான். “தாத்தா, பாலம் இருக்கு. ஆத்துல தண்ணி எங்க?”

நண்பர் பேசவில்லை. பாலத்துக்கடியில் வெறும் மணல்தான் இருந்தது. ரிவெட் வரை எண்ணியவர் ஆற்றை விட்டுவிட்டார்.

அரியலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அப்பால் வெள்ளம் புரண்ட மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நண்பருக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். அவர் அந்த ஆற்றை ஏன் வறண்டதாகச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த விபத்துக்காக ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டில் மெகபூப்நகர் விபத்தின்போதே அவர் கொடுத்த ராஜிநாமாவை நேரு ஏற்கவில்லை, இம்முறை ஏற்றுக்கொண்டார். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்த விபத்தில் சாஸ்திரியின் பங்கு எவ்வளவு? டில்லியில் இருந்தவர் மருதையாற்று வெள்ளத்தை என்ன செய்திருக்க முடியும்? கணக்குப் பார்க்கிறவன் அவருடைய பங்கை மில்லிமீட்டரில்தான் குறிப்பான். அவரோ அதை முழுப் பாரமாகத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். அளவுக்கு மீறிய அந்தச் செயலை யாராவது பொய் என்று சொல்வார்களா?

நம் கொலுவைப் பாருங்கள். மளிகைக் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை பக்கத்திலுள்ள கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு குழந்தையும் அதைத் தவறென்று சொன்னதில்லை. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் சிறுதேர் உருட்டுவதை ஒரு பருவமாகவே வைத்தார்கள். அந்தச் சிறுதேர் கோயில் தேரில் எத்தனையில் ஒரு பங்கு என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. எது எவ்வளவு நீளம் என்று சொல்வது ஒரு நேர்மை. எதைப் பெரிதாகக் கருத வேண்டும் என்று சொல்வது இன்னொரு நேர்மை. முன்னது நண்பரின் ரயிலில் இருந்தது. பின்னது தீப்பெட்டி ரயிலில் இருந்தது. பையனுக்கு ரயில் என்றால் அதில் போகும் மனிதர்கள். ஆகவே பிரயாணிகளை முதலில் ஏற்றிவிட்டான். சக்கரம் வைக்க மறந்தே போனான்!

என் தீர்ப்பை நான் சொல்லவே இல்லை. நண்பரே எழுந்து, தீப்பெட்டி ரயிலை எடுத்துத் தம் தண்டவாளத்தின் ஓரமாகப் பாலத்துக்கு நேரே வைத்தார். பிறகு உள்ளே போய், நீலக் காகிதம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து பாலத்துக்கடியில் விரித்தார். அவர் கை சற்றே நடுங்கியதாக எனக்குத் தோன்றியது. வயதின் காரணமாகவும் இருக்கலாம்.

நான் விடைபெறும்போது பையன் தன் ரயிலை இழுத்துக்கொண்டு வந்தான். பாலத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திவிட்டான்.

“ஏன் நிறுத்திவிட்டாய்?” என்று கேட்டேன்.

“தண்ணி வந்திருக்குல்ல? தாத்தா பாலத்தைப் பார்த்துட்டு வரட்டும். அவரு சொன்னாத்தான் வண்டி போகும்” என்றான்.

நண்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தரையில் மெல்ல உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாலத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.