பழிச்சொல்லும் தேவதூஷணமும்



"பிளேம்" என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நடந்த குற்றத்துக்கு இன்னாரே காரணம் என்று கூறுவது அதன் பொருள். ஆங்கிலேயர் அதை இரு விதமாய் வழங்குவர்: குற்றத்திற்காக ஒருவரைப் பழிப்பது ஒன்று, குற்றத்தை ஒருவர்மேல் வைப்பது மற்றொன்று. நாமும் "பழி சுமத்தினான்" என்கிறோம் அல்லவா?

இச்சொல்லின் பூர்வீகம் என்ன? கிரேக்க பாஷையில் "பிளாஸ்பேமேயின்" என்றால் ஒருவரைப்பற்றித் தீச்சொல் பேசுதல். அது இலத்தீனில் "பிளாஸ்பேமாரே" ஆகி, பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து "பிளாஸ்மே" ஆயிற்று. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் பல அங்கே குடியேறின. சுமார் 1200-ல் இச்சொல்லும் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அதே மூலச்சொல் 14-ம் நூற்றாண்டில், அவ்வளவாய்த் தேயாத உருவில், மறுபடியும் ஆங்கிலத்தில் நுழைந்தது. அதுவே "பிளாஸ்பீம்", அதாவது தேவதூஷணம் சொல்லுதல்.

ஆக, அயலானைப் பழிப்பதும் ஆண்டவரைத் தூஷிப்பதும் சொல்லளவில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! சொல்லின் பூர்வீகம் வேதசத்தியம் ஆகாது; ஆயினும் சிந்திக்கத் தக்கது. தேவதூஷணம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் நாம், தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதனைத் தூஷிக்கக் கூசுகிறோமா? அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தின் 3-ம் அதிகாரத்தில் இதையே கண்டிக்கிறார்.

அப்படியானால் குற்றத்தைக் குற்றமென்று சொல்லலாகாதா? சொல்லத்தான் வேண்டும். வேலைக்காரனுடைய கூலியைக் கொடாமல் வைத்துக்கொள்ளும் முதலாளியைக் குறித்து எல்லாரும் மௌனமாயிருந்தால், ஏழைக்கு நியாயம் ஏது? ஆனால் குற்றத்தைச் சொல்வது வேறு, பெயரைக் கெடுப்பது வேறு. முன்னது, செய்த காரியத்தைக் காட்டித் திருத்தக்கூடியவரிடம் சொல்லும். பின்னது, ஆளையே கெட்டவனாக்கி ஊரெல்லாம் சொல்லும். சொன்னது மெய்யாயிருந்தாலும், தகுந்த காரணமின்றிப் பிறர் குறையை வெளியிடுவது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல், கெடுத்த பெயரையும் நம்மால் இயன்றமட்டும் சீர்ப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகையால், வீட்டில் பானை உடைந்தாலும், பிள்ளை பரீட்சையில் தவறினாலும், "யாரால்?" என்று கேட்குமுன், "யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறேன்?" என்று உங்களையே கேளுங்கள். திருத்துவதற்காக என்றால் தாராளமாய்ச் சொல்லுங்கள். கோபம் ஆறுவதற்காக மட்டும் என்றால், நாவைக் காத்துக்கொள்ளுங்கள்.