புகையும் வினையும்

ஒருவர் தாம் விளைத்த தீங்கைப் பின்னர்த் தாமே அகற்றிவிட்டால், அத்தீங்கு இல்லாததாகிவிடுமா? இப்பழைய வினா இன்று புதிய உருவில் நம்முன் நிற்கிறது. ஆலைப் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிக்க உலக அரசுகள் பலவும் முனைந்துள்ளன.

நிலக்கரி எரியும்போது எழும் இவ்வாயு வானில் தங்கி வெப்பத்தைத் தேக்குகிறது. மழையின் காலமும் அளவும் பிறழ்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் பருத்தியும் உளுந்தும் கம்பும் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்தாலும் மிகுந்தாலும் மானாவாரி உழவருக்கு இழப்பே. எரிப்பவர் ஒருவர், துன்புறுபவர் வேறொருவர் ஆதலின், இது பொருளாதாரக் கணக்கு மட்டுமன்று. கொல்லாமை அறத்தைச் சார்ந்ததுமாகும்.

அவ்வூருக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடியிலேயே இம்முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. 2016ஆம் ஆண்டில் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் அமைப்பு நிறுவப்பட்டது. ஒருவகைக் கரைசல் வாயுவைப் பற்றிக்கொள்ளும், சூடேற்றினால் விட்டுவிடும். அவ்வாயுவையும் உப்பையும் கொண்டு சோடாச் சாம்பல் செய்தனர். அரசு மானியமின்றி நிறைவேறிய இச்செயல் போற்றற்குரியது.

ஆயினும் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. ஒன்று, பிடித்தல் வேறு, சேமித்தல் வேறு. கண்ணாடி செய்வதற்காகச் சோடாச் சாம்பலை உருக்கும்போது, அதிலுள்ள வாயு மீண்டும் வானுக்கே செல்கிறது. மற்றொன்று அளவு. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத்திறனில் இயங்கினால், நாளொன்றுக்கு 20,000 டன்னுக்கு மேல் இவ்வாயுவை வெளியிடும். ஆண்டெல்லாம் பிடித்தது மூன்று நாட் புகைக்கே ஈடாகிறது.

நம் அரசும் இத்துறையில் இறங்கியுள்ளது. 2022இல் நிதி ஆயோக் இதற்கான கொள்கை வரைவை வெளியிட்டது. அவ்வாண்டே விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பு இயங்கத் தொடங்கியது. 2026ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது.

நம் ஆன்றோர் வினையைப் பற்றி உரைத்த முறை இங்கு வழிகாட்டும். வினை உயிரிடத்து வந்து சேர்வது ஊற்று. அதனைத் தடுப்பது செறிப்பு. சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. துளைபட்ட தோணியில் துளையை அடைக்காமல் நீரை மட்டும் இறைப்பவன் கரை சேரான். வாயுவைப் பிடித்தல் நீரை இறைப்பது போன்றது. எரிப்பதைக் குறைத்தல் துளையை அடைப்பது போன்றது. நிலத்தடியில் அடைக்கப்பட்ட வாயுவோ, உதிர்ந்த வினையும் ஆகாது. அது காவல் வேண்டும் சுமை. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் தோன்றி ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் ஆகின்றன. அதனினும் நெடுங்காலம் அவ்வாயு வெளிவராதிருத்தல் வேண்டும். அக்காவலை இன்னும் பிறவாதவர் தலையில் ஏற்றுகிறோம்.

அவ்வாறாயின் இம்முயற்சி வேண்டாவோ? அவ்வாறு கூறுதல் ஒருபக்க நோக்காகும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது, அக்கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. வேறு எரிபொருளுக்கு மாறினாலும் அது நீங்காது. ஏழைக்கும் வீடு வேண்டும். வீட்டுக்குச் சிமெண்டு வேண்டும். இத்தகைய தவிர்க்கவியலாத தீங்குக்குப் பிடித்துச் சேமித்தல் தக்க கழுவாயே. ஆனால் மின்சாரத்துக்கு மாற்று வழி உண்டு. கயத்தாற்றுக் கரிசலில் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சான்று. தவிர்க்கக்கூடிய தீங்கைத் தொடர்ந்து செய்வதற்கு இத்தொழில்நுட்பம் அனுமதிச் சீட்டாகிவிடின், கழுவாயே புதிய வினைக்கு வாயிலாகும்.

ஆதலின் பிடித்த அளவையும் வெளியிட்ட அளவையும் ஒருங்கே மக்களுக்கு அறிவிக்குமாறு அரசைக் கேட்பது நம் உரிமை. பொருள் வரைதல் என்னும் இல்லறத்தார் விரதத்தை மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் விரித்துக் கொள்வது நம் கடமை. பயனின்றி எரியும் ஒரு விளக்கை அணைப்பதும் செறிப்பே. அது சிறிது, ஆயினும் பிறருக்குச் சுமை வைக்காதது.