கூடாரத்தில் ஓர் இரவு

வீட்டை விட்டுச் சில நாள் வெளியே தங்கி வரவேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்குப் புதிதன்று. மேலைநாடுகளில் இலையுதிர் காலம் வந்தால், படுக்கையும் அடுப்பும் அமைந்த வண்டியொன்றைக் காருக்குப் பின்னே இணைத்துக்கொண்டு குடும்பத்தோடு மலைநாடு காணப் புறப்படுவோர் பலர். நம் அண்டை மாநிலமான கேரளமும் 2021-இல் இத்தகைய ‘கேரவன்’ சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. கைப்பேசியில் இவற்றைக் கண்ட நம் பங்கு இளைஞர்கள், நாமும் அவ்வாறு சென்று வரலாமே என்றனர். அத்தகைய வண்டியின் வாடகையோ நமக்கு எட்டாததாக இருந்தது. எனவே வாடகை வேன் ஒன்று, தார்ப்பாய்கள் நான்கு, எரிவாயு அடுப்பு, அரிசி, பாத்திரங்கள் என்று நம் வழக்கப்படி ஏற்பாடு செய்துகொண்டு, ஐப்பசி முதல் வாரத்தில் சில குடும்பங்களாகப் புறப்பட்டோம்.

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்ப் பருவம் என்று நம் முன்னோர் வகுத்தனர். மேலைநாட்டில் மரங்கள் இலை உதிர்க்கும் அந்நாள்களில், நம் மேற்கு மலை பசுமை பூண்டு அருவிகள் பெருகுகின்றன. திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தைத் தொலைவிலிருந்தே கண்டோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பால்கோவாவையும் பிள்ளைகளுக்காக வாங்கினோம். இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் அருவியில் நீராடினோம். அம்மலைக் காடுகள் 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. விரும்பிய இடத்தில் அங்கே தங்க இயலாது. ஆகவே மலையடிவாரத்தில், அன்பர் ஒருவரின் மாந்தோப்பில் தார்ப்பாய்களைக் கட்டி அன்றிரவு தங்கினோம்.

தோப்பை அடுத்து, விதைப்புக்குக் காத்திருந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடப்பட்டிருந்தது. ஆடுகள் இரவெல்லாம் அங்கே அடைந்து கிடந்தால் நிலத்திற்கு எரு கிடைக்கும். அதற்காக நிலத்துக்காரர் பணமோ தானியமோ கொடுப்பார். மறுநாள் கிடை வேறொரு நிலத்திற்கு மாறும். வலைக்கு அருகே, நான்கு கம்புகளின்மேல் கிழிந்த பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். நம்மோடு வந்திருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி அவர்களை நெடுநேரம் நோக்கியிருந்து, “சாமி, இவங்களும் டூர் வந்திருக்காங்களா?” என்று கேட்டாள். பெரியவர்கள் சிரித்தனர். நாம் மறுமொழி ஏதும் கூறாமல் பேச்சை மாற்றினோம்.

நள்ளிரவில் காற்றும் மழையும் ஒருசேர வந்தன. தார்ப்பாய்கள் அறுத்துக்கொண்டு பறந்தன. பிள்ளைகள் அழத் தொடங்கினர். அப்போது கிடைப் பக்கமிருந்து ஒரு விளக்கொளி வந்தது. சாக்கைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு அந்த ஆட்டுக்காரர் நின்றார். “காத்து மலையில இருந்து இறங்குது. இந்தப் பக்கம் தாழ்த்திக் கட்டணும்” என்று கூறியபடியே, கயிறுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டினார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். “குட்டிக நனையுது” என்று சொல்லி விரைந்து போய்விட்டார்.

விடிந்தபின் காப்பி எடுத்துக்கொண்டு கிடைக்குச் சென்றோம். இரவுக் குளிரில் இரண்டு குட்டிகள் இறந்து கிடந்தன. நமக்காக அவர் செலவிட்ட அரைமணி நேரம்தான் அதற்குக் காரணமா என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை. அவரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதே மழை அவருடைய கைக்குழந்தையின்மேலும் பெய்ததே. அங்கே போய்ப் பார்ப்போம் என்று நம்மில் ஒருவருக்கேனும் தோன்றவில்லையே என்ற எண்ணம் நெஞ்சை வருத்தியது.

நக்கீரரின் நெடுநல்வாடை, கூதிர்காலப் பாசறையில் உறக்கம் நீத்து, மழைத்துளி சிதறும் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் அளிக்கும் அரசனைக் காட்டுகிறது. அன்று அந்த அரசனுக்குரிய செயலைச் செய்தவர் ஆட்டுக்காரர். மறையுரைகளில் நல்ல சமாரியரைப் பற்றிப் பலமுறை பேசிய நாமோ பாயைப் பற்றிக்கொண்டு நின்றோம்.

அப்படியானால் இன்பத்திற்காகக் கூடாரத்தில் தங்குவது தவறா? தவறென்று விவிலியம் சொல்லவில்லை. அறுவடையின் முடிவில், அந்நாட்டின் இலையுதிர் காலத்தில், இஸ்ரயேல் மக்கள் தங்கள் வீடுகளை விட்டு ஏழு நாள் கூடாரங்களில் தங்கி மகிழ வேண்டும் என்பது இறைக் கட்டளை. எகிப்திலிருந்து வந்த முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்ததை மறவாதிருக்கவே இக்கட்டளை என்று லேவியர் நூல் காரணம் கூறுகிறது. இணைச்சட்ட நூல் மேலும் ஒரு படி செல்கிறது. அவ்விழாவில் வீட்டார் மட்டுமன்றி, அடிமைகளும், அந்நியரும், அனாதைகளும், கைம்பெண்களும் சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது. நிலமும் கூரையும் இல்லாதவரை விலக்கிவைத்துக் கூடார விழா கொண்டாட இயலாது என்பதே இதன் பொருள்.

நமக்குக் கூடாரம் இரண்டு நாள் மாற்றம். சலித்தால் வேனில் ஏறி வீடு திரும்பலாம். ஆட்டுக்காரருக்கோ அது பிழைப்பு. மழையென்றாலும் மந்தையை விட்டு அகல முடியாது. ஒருவர் விரும்பி ஏற்பதை மற்றொருவர் வேறு வழியின்றிச் சுமக்கிறார். இந்த வேறுபாட்டை உணராத வரையில் நம் எளிமை வெறும் விளையாட்டே. இறைமகன் நம்மிடையே வாழ வந்ததைக் கூற யோவான் நற்செய்தியாளர் கையாளும் கிரேக்கச் சொல், கூடாரம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. நம் மழையில் நம்மோடு நனைய அவர் வந்தார். இயற்கை எழிலைக் கண்டு களித்துத் திரும்பிச் செல்ல வரவில்லை.

தார்ப்பாய்களில் இரண்டை ஆட்டுக்காரரிடம் விட்டுவந்தோம். இரண்டு குட்டிகளுக்கு அது ஈடாகாது என்பதை அறிவோம். வேன் புறப்பட்டபோது அச்சிறுமியை அருகே அழைத்து, முன்னாள் மாலை சொல்லத் தவறிய மறுமொழியைச் சொன்னோம்: “இல்லை அம்மா, அவர்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்லர், வேலைக்காக வந்தவர்கள். நேற்றிரவு நம்மைத்தான் அவர்கள் விருந்தினராக ஏற்றுக்கொண்டார்கள்.” அடுத்த பயணத்துக்குப் பொருள்களை ஏற்றும்போது, வழியில் யாருக்குக் கூரை இல்லை என்பதையும் கேட்டறிந்து புறப்பட அருள் தரும்படி இறைவனை மன்றாடுவோம்.